கருப்பசாமி நீட்டிய கைகள்

நவம்பர் 14, வெள்ளி. அல் குசைஸ், துபாய்.

தூக்கம் வரவில்லை.

எங்கள் மனநல வார்டில் இப்போது யாரையும் கட்டிப்போடுவதில்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பூட்டுகளைத் திறந்துவிட்டே தலை நரைத்த இத்தாலி டாக்டரம்மா, வந்த முதல் வாரமே கட்டும் பட்டைகளைக் குப்பையில் போடச் சொன்னார். நர்ஸான நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன்.

இன்று கருப்பசாமிக்கு டிஸ்சார்ஜ். விசாவை ரத்து செய்துவிட்டு, ஊருக்கு டிக்கெட்டோடு அவன் வேலை பார்த்த கம்பெனியின் ஆள் வந்து நின்றான். "யல்லா பாய், ஜல்தி" என்று கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தினான். டாக்டரம்மா தன் கையாலேயே கதவை அகலத் திறந்து, போகலாம் என்று சிரித்தார்.

கருப்பசாமி மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்தான். தன் துண்டை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"என்னையக் கட்டிப்போடுங்கண்ணே. கட்டிக் கிடக்குறவனை பிளைட்ல ஏத்த மாட்டாய்ங்க. கிறுக்குப் பிடிச்சுத் திரும்பி வந்துட்டான்னு ஊருக்குத் தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுபோகும்ணே."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

நன்றி சொல்கிறார் என்றேன்.

அவர் கண்கலங்கி, நீட்டியிருந்த அந்தக் கைகளைப் பிடித்துக் குலுக்கினார்.