கருங்கல்லுக்கு இடப்பக்கம்

அன்பு மகனுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய், உன் வீடியோக்களைப் பார்த்தாலே தெரிகிறது. இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம், பொய் சொல்ல மனமில்லாததால் விட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் மாடிப்படி ஏறித்தான் துணி உலர்த்துவேன் என்கிறாள். ஆய்வகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர், தண்ணீர்ச் சோதனையை என்னிடமே கற்றுக்கொண்டவர், இப்போது எனக்கு மேலதிகாரி. என் மேசையைக் கழிப்பறைப் பக்கம் தள்ளிவிட்டார், அதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் திரையில் உன் முகத்தைக் கண்டால் என் கோபம் பாதியில் இறங்கிவிடுகிறது, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இந்த முறை அது இறங்க வேண்டாம்.

விஷயம் ஏரியைப் பற்றியது. நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது, பழைய நீரேற்று நிலையத்துக்குப் பின்னால், நாணல் புதருக்குள் குனிந்து நுழைந்து உன்னை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன் அல்லவா, அது என் இடம் மட்டும் அல்ல. தையல்கார மாமாவும் நானும் சேர்ந்து கண்டுபிடித்தது, கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, உருவாக்கியது. தூண்டில் போடாத நாட்களிலும் ஒருவர் மாற்றி ஒருவர் போய், அந்தக் கருங்கல்லுக்கு இடப்பக்கம் மாவு உருண்டைகளைப் போட்டுவிட்டு வருவோம். கெண்டைகள் பயமில்லாமல் அங்கே வந்து மேய வருடக்கணக்கில் ஆனது. காய்ச்சலில் கிடந்தால்கூட அவர் தன் முறையைத் தவறவிட்டதில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று எங்களுக்குள் பேச்சு, அவர் தன் மருமகனைக்கூட அழைத்து வந்ததில்லை. நான் உன்னை அழைத்துப் போனேன். மகனை வெளியாளாக எண்ணாதது குற்றம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே தெரிய வேண்டாம் என்று சொன்னேன், நீயும் தலையாட்டினாய், பிறகு போனை என் கையில் கொடுத்து, "நான் மீனை இழுக்கும்போது எடுங்கப்பா, அம்மாகிட்ட காட்டணும்" என்றாய். அம்மாவிடம் காட்டத்தான் என்று நம்பி எடுத்தேன்.

நீ ஊருக்கெல்லாம் காட்டினாய். நீயே கண்டுபிடித்த ரகசிய இடம் என்று தலைப்பு வேறு. என் முகம் அதில் எங்கும் இல்லை, ஆனால் என் குரல் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு, கருங்கல்லுக்கு இடப்பக்கம், அங்கதான் கிடக்கு எல்லாம்" என்று நான் கிசுகிசுப்பதை எவனும் கேட்கலாம், பின்னால் நீரேற்று நிலையத்தின் புகைபோக்கி வேறு அடையாளத்துக்கு நிற்கிறது. இப்போது விடிவதற்குள் அங்கே கூட்டம். நாணலை வெட்டி வண்டி நிறுத்த இடம் செய்துவிட்டார்கள், பாட்டுச் சத்தம், கரையெல்லாம் பிளாஸ்டிக் கோப்பைகள், கிளைகளில் அறுந்த தூண்டில் நரம்பு தொங்குகிறது. கெண்டைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. உன் அம்மா, "மீனைத்தானே பறிகொடுத்தீங்க, என்னமோ கோட்டையைப் பறிகொடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்கிறாள். மீன் போனால் போகட்டும்.

மாமாவிடம் அந்த வீடியோவைக் காட்டியது, அவர் கடைக்குக் கால்சட்டை நீளம் குறைக்க வந்த ஒருவன். அவர் முழுதாகப் பார்க்கவில்லையாம், கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாராம். நான் விளக்கம் சொல்லப் போனபோது தையல் இயந்திரத்தை அவர் நிறுத்தவே இல்லை. என் மகன் இப்படிச் செய்வான் என்று எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாம எடுத்தேன்னு சொல்ல நீ என்ன பச்சப்புள்ளையா? பையன் பேர் வாங்கணும்னு ஆசைப்பட்டே, வாங்கிட்டான். சரி, வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்றேன், அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு பேச்சு இல்லை. அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, இந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போகிறார், இனித் திரும்பி வரப்போவதில்லை. என் தூண்டில் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் துடைத்து, புது நரம்பு சுற்றி, நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கதவில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வீடியோவை நீக்கு என்று கேட்கவில்லை, நீக்கினால் நாணல் முளைத்துவிடாது. அவருக்கு ஒரு போன் செய். அப்பாவுக்குத் தெரியாமல் நான்தான் போட்டேன் என்று சொல், அது போதும். சாரி மாமா என்று பாதிச் சிரிப்போடு சொல்லாதே, அவர் குரலை வைத்தே ஆளை எடை போடுகிறவர். நான் சொன்னதை அவர் நம்பவில்லை, நீ சொன்னால் நம்பலாம், எனக்கு வேறு வழியும் இல்லை. அவர் எண் மாறவில்லை. மாதக் கடைசிக்குப் பிறகு செய்வதாக இருந்தால் செய்யவே வேண்டாம்.

அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதை இந்தக் கோபத்திலும் என்னால் நிறுத்த முடியவில்லை. அப்பா என்று எழுதி முடிக்கத்தான் பேனாவைத் தாளில் வைத்தேன், பிறகு மூடிவிட்டேன். உன் வீடியோவில் நான் பெயர் இல்லாத குரல், அவருக்கு ஆளைத் தெரிந்துகொள்ள அதுவே போதுமாக இருந்தது. உனக்கும் போதுமா என்று பார்க்கிறேன். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.