புதனுக்குப் பச்சை சொன்னது நான்தான்

என் இஞ்சாருங்கோவுக்கு,

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னை "இஞ்சாரும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. மகள் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போன பிறகு வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதற்குப் பெயர் எதற்கு? இப்போது ஒருத்திதான் இருக்கிறேன். அந்த "இஞ்சாரும்" கேட்டு ஒரு வருடம் கடந்துவிட்டது.

இன்று புரட்டாதிச் சனி. இந்நேரம் என் கையில் எள்ளெண்ணெய் மணக்க வேண்டும். பெயின்ற் தின்னர்தான் மணக்கிறது. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் போகவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

பாடசாலைச் சுவர் நினைவிருக்கிறதா? போர் முடிந்து முகாமால் வந்து, வளவைத் துப்புரவாக்கி, நீங்கள் திரும்பவும் கிளிநொச்சிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதத் தொடங்கிப் பல காலத்துக்குப் பிறகு கட்டிய சுவர் அது. அதில் ஞாயிற்றுத் தொகுதியைக் கீறித் தரும்படி அப்போதிருந்த அதிபர் கேட்டார். அவர் தந்தது ஒரு போட்டோக்கொப்பி. எல்லாக் கோளும் ஒரே சாம்பல். நீங்கள் அந்தத் தாளோடு குசினி வாசலில் வந்து நின்றீர்கள்.

"இஞ்சாரும், இதுகளுக்கு என்ன நிறம் அடிக்கிறது?"

நான் குழம்பைத் துழாவிக்கொண்டு நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுகூடத் தெரியாதோ? செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள், வெள்ளிக்கு வெள்ளை, சனிக்குக் கறுப்பு" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

எனக்குத் தெரியாமல் போகுமா? உங்களுக்கு ஏழரைச் சனி தொடங்கிய நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகத்தை ஒன்பது தரம் சுற்றுகிறவள் நான். எந்தக் கிரகத்துக்கு எந்த நிறப் பட்டு என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். வானத்தில் இருப்பது வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கும்தான். கோயில் சுவருக்கு வர்ணம் அடித்த கை அல்லவா?

கடைசி இரண்டும் ராகுவும் கேதுவும் என்று சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தீர்கள். யுரேனஸ், நெப்டியூன் என்று தாளில் போட்டிருப்பதைக் காட்டினீர்கள். அவை எனக்குப் பழக்கமில்லாதவை, கோயிலில் நிற்பதில்லை. நம்முடைய பூமியும் அங்கே நிற்பதில்லை. "அதுகளை நீங்களே பாத்து அடியுங்கோ" என்று விட்டுவிட்டேன்.

பிறகு என் குசினிச் சாமான்களில் பாதி பாடசாலைக்குப் போய்விட்டது. சைக்கிள் றிம்மை வைத்து வியாழன், சோற்றுப் பானை மூடியை வைத்துச் சனி, சிரட்டையை வைத்துப் புதன். மூடியில்லாமல் நான்கு நாள் சோறு வடித்தேன். திட்டியதும் நினைவிருக்கிறது. வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினீர்கள். மூலையில் சின்ன எழுத்தில் உங்கள் பெயர் இருந்தது. வாயால் சொல்லாத பெயரை அன்றைக்குக் கண்ணால் நல்லாகப் பார்த்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கோபப்படக் கூடாது.

போன கிழமை பாடசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் விஞ்ஞான ரீச்சர் வீட்டுக்கு வந்தா. நிரோஷா என்று பெயர், துணுக்காய் ஊர்ப் பிள்ளை. கதிரை நுனியில் இருந்துகொண்டு, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தா. தவணைப் பரீட்சையில் பிள்ளைகள் புதன் பச்சை என்றும் சனி கறுப்பு என்றும் எழுதியிருக்கிறார்களாம். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சுவரைக் காட்டுகிறார்களாம். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டு, அச்சடித்த பெரிய படம் ஒன்றை மாட்டப் புது அதிபர் முடிவு செய்துவிட்டார். அம்மா, உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அழிக்கக் கூடாது என்று வந்தேன் என்றா.

"அவர் தெரியாமல் பிழையாக் கீறிப்போட்டார் எண்டு அதிபர் சொன்னவர். குறை நினையாதேங்கோ அம்மா."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "ஓம், பறவாயில்லைப் பிள்ளை" என்றேன். தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்று வேறு கேட்டேன். அவா படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது. நீங்கள் இல்லை என்ற துணிச்சலில் என் பிழையை உங்கள் தலையில் கட்டிவிட்டேன். உயிரோடு இருந்தால் பக்கத்தில் நின்று "நிறம் சொன்னது இவா" என்று சிரித்து என்னைக் காட்டிக் கொடுத்திருப்பீர்கள். காட்டிக் கொடுக்கவும் ஆள் வேண்டும் அல்லவா?

அன்று சோறு இறங்கவில்லை. ஒருத்திக்குச் சமைப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. அதையும் காகத்துக்குக் கொட்டினேன். மகள் போன் எடுத்தாள். இங்கே வந்து இருங்கோ அம்மா என்று வழக்கம்போலச் சொன்னாள். இதை அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு இது ஒரு சுவர்தான்.

அடுத்த நாள் பாடசாலைக்குப் போனேன். ரீச்சரிடம் நிறத்தில் அச்சடித்த புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டும்படி கேட்டேன். சுவருக்கு முன்னால் நின்று, புத்தகத்தை ஒரு தரம், உங்கள் கைவேலையை ஒரு தரம் என்று மாறி மாறிப் பார்த்தோம்.

சூரியனுக்குக் கிட்ட இருப்பது புதன். எண்பத்தெட்டு நாளில் ஒரு சுற்று முடித்துவிடுமாம். காற்று இல்லாததால் பகலில் எரியும், இரவில் உறையும். உடம்பு முழுக்கச் சந்திரனைப் போலக் குழிகள், நிறம் சாம்பல். போட்டோக்கொப்பியில் இருந்தபடியே விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும், நான்தான் பச்சையாக்கினேன். அடுத்தது வெள்ளி. சூரியனுக்கு இரண்டாவதாக இருந்தாலும் எல்லாவற்றிலும் சூடு கூடியது அதுதான். மேகம் மூடி போட்ட பானைபோல வெக்கையை வெளியே விடாதாம். வெள்ளை அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. மூன்றாவது எங்கள் பூமி. அதில் நீங்கள் நீலத்துக்கு நடுவே நல்ல வயல் பச்சை வைத்திருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கு வந்ததும் ரீச்சர் சுவரைத் தொட்டுப் பார்த்து என்ன பெயின்ற் என்று கேட்டா. சிவப்புப் பெயின்ற் ரின் காய்ந்துபோய், கேற்றுக்கு அடிக்கும் றெட் ஒக்சைட்டைத்தானே அடித்தீர்கள்? செவ்வாய் சிவந்திருப்பதே இரும்புத் துருவால்தானாம். எங்கள் காணியில் எங்கே கொத்தினாலும் வருகிற இரும்புத் துண்டுகளின் அதே துரு. வியாழன் எல்லாரிலும் பெரியது, ஆயிரத்துக்கு மேற்பட்ட பூமிகளை உள்ளே போடலாம். உங்கள் சைக்கிள் றிம் காணாது. என் மஞ்சளுக்கு ரீச்சர் பாதிப் புள்ளி தந்தா. சனி கறுப்பே இல்லை, இளமஞ்சளாம்.

யுரேனஸ் ஒருக்களித்துப் படுத்தபடியே சுற்றுகிறதாம். நீங்கள் கடைசி மூன்று மாதம் படுத்திருந்தது போல. அதற்குப் பிறகு ரீச்சர் சொன்னதில் கொஞ்சம் என் காதில் விழவில்லை. அவா இரண்டு தரம் "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. யுரேனஸும் நெப்டியூனும் அப்பிடியே சரியா இருக்கு. அவர் என்னெண்டு கண்டுபிடிச்சவர்?"

எனக்கும் தெரியாது. யுரேனஸுக்கு வெள்ளையும் நீலமும் ஒரு துளி பச்சையும் கலந்திருப்பீர்கள் போல. நெப்டியூனுக்கு ஏதோ கடைப் பலகையில் மிஞ்சிய நீலம். என் வாயைக் கேட்காமல் நீங்களாக அடித்தவை அந்த இரண்டும். அவைதான் சரி. இவ்வளவு தூரத்தில் இருப்பவற்றுக்கு அந்த நிறத்தை எப்படி நினைத்தீர்கள்? கேட்காமல் விட்டுவிட்டேனே.

அப்படியே அதிபரின் அறைக்குப் போனேன்.

"சேர், அது அவரின்ர பிழை இல்லை. நிறம் சொன்னது நான். கோயில் நிறத்தைச் சொல்லிப்போட்டன்."

அதிபர் நல்ல மனுசன். அது பெரிய விசயமில்லை அம்மா என்றார். "உங்களுக்குப் பெரிசில்லை சேர். கீழ கிடக்கிறது அவரின்ர பேர்" என்றேன். பிழையான இரண்டையும் நானே திருத்தித் தருகிறேன், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் அழியுங்கோ என்று கேட்டேன். திங்கட்கிழமை வந்து பார்ப்பேன் என்றார்.

உங்கள் வர்ணப் பெட்டியைத் திறக்க ஒரு வருடமாக எனக்கு மனம் வரவில்லை. நேற்றுத் திறந்தேன். பிறஸ் எல்லாம் விறகுபோல இறுகிக் கிடந்தது. தின்னரில் ஊறவைத்தேன். நிறம் கலப்பது மட்டும் மறக்கவில்லை. வீட்டில் வைத்து எழுதிய பலகைகளுக்குக் கலந்து தந்தது நான்தானே.

இன்று காலை கோயிலுக்குப் போகவில்லை. ரீச்சர் கேற்றைத் திறந்துவிட்டா. முதலில் புதன். கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பலாக்கி அடித்து, ஈரத்தில் பெருவிரலால் குழிகள் வைத்தேன். பிறகு சனி.

சனீஸ்வரனுக்கு நேரே நிற்கக் கூடாது. இத்தனை வருடமும் பக்கத்தில் ஒதுங்கி நின்றுதான் கும்பிட்டேன். சுவரில் அப்படி ஒதுங்கி நின்று வர்ணம் அடிக்க முடியுமா? நேரே போய் நின்றேன். "இண்டைக்கு நேர நிக்கிறன், என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன். பயம் வரவில்லை. என்னிடம் எடுக்க இனி என்ன இருக்கிறது? ஏழரை முடிய நாலு மாதம் இருக்கும்போது உங்களைக் கொண்டுபோனது இவன்தான் என்று ஒரு வருடமாகத் திட்டியிருக்கிறேன்.

கறுப்பு இலேசில் மறையவில்லை. முதல் பூச்சுக் காயும்வரை அதன் முன்னாலேயே குந்தியிருந்தேன். அப்போதுதான் ரீச்சர் சொன்னா. சூரிய வெளிச்சம் எங்களுக்கு வர எட்டு நிமிடம், சனிக்குப் போய்ச்சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாம். அவ்வளவு தூரத்தில் இருப்பது உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டைத் தேடி வருமா? தெரியவில்லை. இன்னொன்றும் சொன்னா. சனி தண்ணீரை விடப் பாரம் குறைந்ததாம். அதைப் போடக்கூடிய குளம் ஒன்று இருந்தால் மிதக்குமாம். எங்கள் இரணைமடுக் குளம் காணாது என்றா. ஏழரை வருடம் எங்கள் தலையில் ஏறியிருந்தவன் தண்ணீரில் மிதப்பானாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு சத்தமாகச் சிரித்தது இன்றுதான். சிரித்துக்கொண்டே அழுதேன். ரீச்சர் பாவம், புத்தகத்தை மூடிவிட்டா.

இப்போது சனி இளமஞ்சளாக இருக்கிறது. வளையத்தை நான் தொடவில்லை. அது நீங்கள் அடித்த வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தால் உங்கள் பிறஸ்ஸின் ஒரு மயிர் பெயின்றில் ஒட்டியபடியே இருக்கிறது. அதைப் பிடுங்க மனமில்லை.

மூலையில் உங்கள் பெயருக்குக் கீழே, அதைவிடச் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதினேன்: "நிறப் பிழை: மனைவி. திருத்தியதும் அவரே." திங்கட்கிழமை அதிபர் என்ன சொல்லுவாரோ தெரியாது. அழித்தாலும் பிழையானவராக நீங்கள் அழியமாட்டீர்கள். எனக்கு அது போதும்.

சனி சூரியனை ஒரு தரம் சுற்றி வர இருபத்தொன்பதரை வருடமாம். வீட்டுக்கு வந்து விரலை மடித்துப் பார்த்தேன். நாங்கள் சேர்ந்திருந்த காலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது ஒரு சுற்று முடிக்க எங்களுடையதும் முடிந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் நான் தனியாக நிற்கிறேன். நல்ல கஷ்டமாக இருக்கிறது. மறைத்து என்ன?

சுவரை விட்டுவைத்தார்கள் என்றால், மாரி மழை முடிந்து ஒவ்வொரு தை மாதமும் போய் வெளிறிய இடத்துக்கு வர்ணம் அடிப்பேன். வவுனியாவில் இருந்தாலும் பஸ் ஏறி வருவேன். அந்தக் கடைசி இரண்டு நீலத்துக்கும் மட்டும் என் கை படாது. உங்கள் கலவை எனக்குத் தெரியாது. இன்னொரு தரம் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

கூப்பிட ஆளில்லாவிட்டாலும் என்றும்
உங்கள் மனைவி,
இஞ்சாரும்