மேசை நடுங்கினால்

தங்கச்சியின் மகன் நேற்று ஒரு சோடி ஸ்பீக்கர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொன்றின் அடியிலும் நாலு றப்பர்க் கால்கள். "அதிர்வு மேசைக்கு இறங்காது, பெரியம்மா. பாட்டுத் தெளிவாக் கேக்கும்" என்றான். எனக்குத் தெரியாதாக்கும்! அவன் போனபின் அந்த றப்பரை முகர்ந்து பார்த்தேன். பழைய பயம் அப்படியே எழும்பிவிட்டது. கட்டினவரே, உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்ல?

கொக்குவில் வீட்டு வளவில் ஷெல் விழுந்த அன்றே உங்கள் இடது காது போய்விட்டது. வலதிலும் அரைகுறைதான். ஆனாலும் பாட்டை விட்டீர்களா? கரண்ட் இல்லாத காலத்திலும் கார் பற்றரியில் பூட்டி, வீட்டு முன் ஒழுங்கை முழுக்கக் கேட்க வைப்பீர்கள். அந்தச் சத்தத்தில் குண்டு போட வரும் பொம்மர் எனக்கும் கேட்காது. பயத்தில் சண்டை பிடிப்பேன். "காதுதானே போச்சு, கையுமோ போச்சு?" என்று உள்ளங்கையை மேசையில் வைத்துக் காட்டுவீர்கள். தூரத்தில் குண்டு விழுந்தால் மேசை நடுங்கும். நடுங்கினால் வளவில் வெட்டிய பங்கருக்குள் ஓடவேண்டும். அதுதான் உங்கள் ஏற்பாடு.

ஸ்பீக்கரும் அதே மேசையில் அல்லவா இருந்தது! ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தீர்கள். கால்மணி நேரம் குந்தியிருந்தோம். மேலே நாதஸ்வரக் கசெற்றில் தவில்தான் முழங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உண்மையாகவே குண்டு விழும் நாளில், தவில்தானே என்று இருந்துவிடுவீர்களோ என்று அதன்பிறகு எனக்கு நித்திரையே இல்லை.

மறுநாள் என் புது றப்பர்ச் செருப்பைக் காணவில்லை. குதிப் பக்கத்தை எட்டுத் துண்டாக வெட்டி ஸ்பீக்கர்களுக்கு அடியில் வைத்திருந்தீர்கள். "இனி மேசை பொய் சொல்லாது" என்றீர்கள். பாடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். மேசை சும்மா கிடந்தது. செருப்புக்காக ஏசினாலும் அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அது எத்தனை நாளைக்கு! சங்கக்கடைக்குச் சாமான் வாங்கப் போன அன்று, அவசரத்தில் வாசல் படலையில் நின்றே "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். உங்களுக்குக் கேட்டிருக்காது. பாதி வழியில் பொம்மர். மதிலோரம் குப்புறப் படுத்தேன். முதல் குண்டு தூரத்தில். இரண்டாவது எங்கள் ஒழுங்கைப் பக்கம். "பிள்ளையாரே, அவரின்ரை கை மேசையிலை இருக்கவேணும்" என்று மண்ணில் முகத்தை வைத்துக் கத்தினேன்.

எழும்பி ஓடி வந்தால், நீங்கள் புழுதிக்குள் நடு ஒழுங்கையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். மேலே பொம்மர் இன்னும் சுற்றுகிறது! உங்கள் வலது காதில் வாயை வைத்து, "பங்கருக்குள்ளை போகேல்லையோ?" என்று கத்தினேன்.

"போனனான். மேசை நடுங்கின உடனை போனனான். உள்ளுக்கை உம்மைக் காணேல்லை. வந்திட்டன்."

விசர் மனிசன் என்று ஏசி ஏசி உங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

நீங்கள் நோய் வருத்தத்தில் படுத்துக் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இப்போதும் லொறி போனால் மேசை நடுங்குகிறது. என் கை தானாக அதன்மேல் போகிறது. ஆனால் நான் எழும்பி ஓடுவதில்லை. பயந்துபோய்ப் படலையைத்தான் பார்க்கிறேன், என்னைத் தேடி வெளியே வந்துவிட்டீர்களோ என்று.