கட்டில் காலடியில் நாலு நாள் விபூதி

நேற்று ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில் ஐந்து பேர் இருந்தோம் அக்கா. பெரிய டாக்டர், வார்டு நர்ஸ் மிஸ்ஸி, துப்புரவுக் கம்பெனியின் சூப்பர்வைசர், உங்கள் மகன் சிவா, நான். விசாரணைக் கூட்டத்துக்காகவே தரையைத் துடைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் பினாயில் வாடை. நீங்கள் கிடந்த ஒன்பது நாளில் ஒரு நாள்கூட இந்த வாடை உங்கள் கட்டில்வரை வரவில்லை.

காலில் தையல் போட்டுப் படுத்திருந்தீர்கள். தேயிலைத் தோட்டத்துக் கோவில் விபூதியை உங்கள் நெற்றியில் பூசும்போது கொஞ்சம் கட்டில் காலடியில் சிந்தியது. மிதிபட்டால் பாவம் என்று முந்தானையால் துடைக்கக் குனிந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். அதே வார்டை இருபது வருஷம் கழுவிய உங்கள் கை.

"விடு புள்ள, கெடக்கட்டும். கதவுல ஒட்டியிருக்க தாளப் பாக்காத, கட்டில் காலப் பாரு. சாமியே கணக்கு எடுக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். விபூதி சிந்திய நாளை நான் கொப்பியில் எழுதிவைத்தேன். அரிசி மூட்டை பிரித்த நாள், காஸ் சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் எழுதுகிற அதே கொப்பி.

நாலாம் நாளும் விபூதி அதே இடத்தில் இருந்தது. கதவுத் தாளிலோ ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்ததாகச் சரி அடையாளம். அன்று பகல் மூன்று மணிக்கே ஆறு மணிக் கட்டத்திலும் சரி போட்டிருந்தது. நான் பார்க்கவே சூப்பர்வைசர்தான் பேனாவோடு வந்து போட்டுப் போனார். மனம் கேட்காமல் விபூதியை நானே வழித்துக் காகிதத்தில் மடித்தேன். மறுநாள் உங்கள் தையலில் சீழ் வைத்தது. ஒன்பதாம் நாள் உங்களைப் பெட்டியில் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நேற்று அதே சூப்பர்வைசர் தாள்களை மேசையில் அடுக்கினார். "மார்க் பாத்தீங்கதானே அம்மா, போன மாசம் சுத்தத்துல இந்த வார்டுதான் முதலாவது."

"ஆறு மணி வேலைக்கு மூணு மணிக்கே சரி போட்டா முதலாவதாத்தாங்க வரும்" என்றேன்.

டாக்டர் என் கொப்பியை வாங்கிப் படித்தார். உடனே சூப்பர்வைசரின் பேச்சு மாறியது. "அப்ப அது கூட்டுற புள்ள கலாவோட தப்பு. பேர எழுதிக் கையெழுத்து வைங்க, நாளைக்கே நிப்பாட்டிர்றேன்" என்று ஒரு படிவத்தைத் தள்ளினார்.

சிவா பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தான். "வச்சிருங்க சித்தி. யாராவது ஒருத்தராவது அனுபவிக்கட்டும்."

கலாவை உங்களுக்குத் தெரியும். வாளியோடு ஓடுகிறவள் வாசலில் நின்று, "பெரியம்மா, இன்னும் ரெண்டு வார்டு கெடக்கு, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்பாள். வரமாட்டாள். எப்படி வர முடியும்? உங்கள் காலத்தில் ஒரு வார்டுக்கு இரண்டு பேர். இப்போது மூன்று வார்டுக்கு அவள் ஒருத்தி. நீங்கள் தூக்கிய வாளியைத்தான் அக்கா அவள் தூக்குகிறாள். உங்கள் சாவைச் சொல்லி அவள் சோற்றைப் பறிக்கச் சொல்கிறார்கள். படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். விபூதிக் காகிதம் கொப்பிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். குற்றம் செய்தவர் பெயர் என்ற இடத்தில் "துடைக்காத தரைக்குச் சரி போட்டவர்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதற்குக் கீழே, பெரிய டாக்டருக்கு:

"மூன்று வார்டுக்கு ஒரு ஆள் போதும் என்று சொன்னது யார்? சீக்கிரம் பதில் தாருங்கள்."