திங்கட்கிழமை மட்டும்

மெர்லிமாவ்
4-9-1934

மாப்பிள்ளை சாமிக்கண்ணுவுக்கு நாகமுத்து எழுதுவது.

இங்கே கடையும் உடம்பும் சுகம். உன் அக்கா போனபின் உன்னை நம்பித்தான் என் மகள் நாயகியை உன் வீட்டிலும் உன் பள்ளிக்கூடத்திலும் விட்டேன். நேற்று அவள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகளைக் கடித்துச் சிலேட்டையும் உடைத்தாளாமே? இன்னொரு தரம் நடந்தால் பேரை வெட்டத் தோட்டத்துத் துரை உத்தரவாமே? லாரிக்காரன் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு மூடி மறைக்கத் தெரியாது. ஐப்பசியில் என் கடையாள் சுப்பன் ஊருக்குக் கப்பல் ஏறுகிறான். நாயகிக்கும் சீட்டு எடுத்துவிட்டேன். அங்கே ஒரு கோவிலில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் போட்டு, நாற்பத்தெட்டு நாளில் தெளிய வைக்கிறார்களாம். வேறு வழி இருந்தால் சொல்.

நாகமுத்து

பத்து பெரண்டாம் தோட்டம்
8-9-1934

அன்புள்ள அத்தானுக்கு,

ஒன்பது வயதுப் பிள்ளை சங்கிலி தாங்காது. சீட்டைத் திருப்பிவிடுங்கள்.

தப்பு என்னிடமும் உண்டு. விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பது நம் வழக்கம். இவளுக்கோ கையைப் பிடித்தாலே ஆகவில்லை, சீறுகிறாள். அன்றைக்குக் கிராணி மகளும் விளையாட்டாகக் கையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறாள். இப்போது நான் பிடிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் மணலில் எழுதுகிறேன். பார்த்து அவள் மணலில் எழுதுகிறாள். கோபம் வந்தால் கேட்காமலே எழுந்து ரம்புத்தான் மரத்தடிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். போகிறாள். தானே திரும்பியும் வருகிறாள்.

சாமிக்கண்ணு

மெர்லிமாவ்
13-9-1934

மாப்பிள்ளை,

மரத்தடியில் உட்காரவா பள்ளிக்கூடம்? உன் அக்கா இருந்தால் சிரித்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனமெல்லாம் கடையில் வந்து நிற்கும்போது, இங்கே வந்திருக்கும் இவள் ரோட்டுக்கு ஓடினால் நான் அரிசி அளப்பதா, பிள்ளை பிடிப்பதா? நீ வாத்தியார், உனக்குப் பொறுமை சம்பளத்தோடு வருகிறது. இந்த மாதக் கடைசிவரை பார்க்கிறேன். சீட்டு என் பெட்டியில்தான் இருக்கிறது.

நாகமுத்து

பத்து பெரண்டாம் தோட்டம்
25-9-1934

அன்புள்ள அத்தானுக்கு,

நாயகி எப்போதெல்லாம் சீறுகிறாள் என்று தினமும் குறித்து வந்தேன். செவ்வாய் முதல் வெள்ளிவரை ஒன்றோ இரண்டோ. திங்கட்கிழமை மட்டும் நாள் முழுக்க. சனி, ஞாயிறு அவள் உங்களிடம் இருக்கிறாள்.

எப்போதும் தானே குளிக்கிறவளை நேற்று என் மனைவி மீனம்மா குளிப்பாட்டும்போது பார்த்தாள். இரண்டு மணிக்கட்டிலும் வரிவரியாகத் தடம். என்னம்மா இது என்று நான் கேட்டதற்கு, "தூணுக்கு வலிக்காதா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை துரை பள்ளிக்கூடம் பார்க்க வருகிறார். இந்த வாரம் அவளை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சனிக்கிழமையானால் அப்பாவைக் கேட்கிறாள். அனுப்புகிறேன், அத்தான்.

சாமிக்கண்ணு

மெர்லிமாவ்
30-9-1934, ஞாயிறு

மாப்பிள்ளை,

சணல் கயிறு. நான்தான் கட்டினேன். ஐந்து மாதமாக ஞாயிறுதோறும், அரிசி மூட்டைக்குப் பக்கத்துத் தூணில். ஒரு தரம் லாரிக்கு முன்னால் ஓடிவிட்டாள், அதிலிருந்து. பிள்ளை உயிரோடு இருக்கட்டும் என்றுதான் கட்டினேன் என்று எழுத உட்கார்ந்தேன். அது பாதிதான். சனம் பார்க்கிறதே என்ற வெட்கம் மீதி.

இன்றைக்குக் கடை திறக்கவில்லை. கதவைத் தட்டி, "என்ன மொதலாளி, யாரு செத்தா?" என்றான் ஒருத்தன். "யாரும் சாகலை. மக வந்திருக்கா" என்றேன்.

காலையில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்தவுடன் நேரே தூணிடம் போய் நின்று, இரண்டு கையையும் சேர்த்து என்னிடம் நீட்டினாள். சீறவில்லை. அழவில்லை. கயிற்றை அடுப்பில் போட்டேன். அப்புறமும் வெகுநேரம் அவள் கையை இறக்கவே இல்லை, மாப்பிள்ளை.

சுப்பன் தனியாகப் போகட்டும். நாளை துரை பேரை வெட்டினாலும் கப்பல் கிடையாது. முதல் பஸ்ஸில் நானே கூட்டி வருகிறேன். இதெல்லாம் எனக்கு வாயால் சொல்ல வராது, அதனால் எழுதிக் கையில் கொண்டு வருகிறேன். துரை யாரையாவது கேட்க வேண்டுமென்றால் என்னைக் கேட்கட்டும்.

இப்போது எதிரே உட்கார்ந்து மேசைமேல் உளுந்தைப் பரப்பி ஏதோ எழுதுகிறாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. என் இடது கையை அவள் பக்கமாக மேசைமேல் வைத்திருக்கிறேன். பிடித்தால் அவள் பிடிக்கட்டும்.

நாகமுத்து