பந்து வராத ஓட்டம்

ஏப்ரல் 15, 2025. செவ்வாய். இரவு 11.40

தமிழ் வகுப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன். ராகுலன் அண்ணாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்மா கொப்பியைக் கண்டால் பிள்ளை படிக்கிறது என்று சந்தோசப்படுவாவே தவிரத் திறந்து பார்க்கமாட்டா. அப்பா மட்டும்தான் ஆபத்து. அவருக்கு எழுத்தும் தெரியும், சந்தேகமும் வரும்.

இன்றைக்கும் பொய் சொன்னேன். "ஹோம்வேர்க் கிளப் இருக்குது அம்மா, அஞ்சரைக்குத்தான் வருவன்."

ஹோம்வேர்க் கிளப் என்று ஒன்று இல்லை. ஃபிளாக் ஃபுட்போல்தான் இருக்கிறது. காலால் உதைக்கிற பந்து இல்லை. இரண்டு முனையும் கூராக இருக்கும், கையால் எறிகிற பந்து. எல்லோருடைய இடுப்பிலும் துணிக்கொடி தொங்கும். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் புள்ளி; அதற்கு முன் ஓடுகிறவளின் கொடியைப் பிடுங்கினால் ஆட்டம் நிற்கும். யாரையும் இடித்து விழுத்தக்கூடாது. பயப்பட ஒன்றுமில்லை.

இதை அப்பாவுக்குச் சொல்லலாமே? சொல்ல முடியாது. போன வருடம் அண்ணா சொக்கர் என்கிற உதைபந்து விளையாடி முழங்காலை உடைத்தபோது, ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று அப்பா சொன்னார்: "இனி இந்த வீட்டில ஒருத்தரும் பந்தைத் தொடுறேல்லை. முடிஞ்சுது கதை." அப்போது அவருடைய கையில் அண்ணாவின் ஒற்றைச் சப்பாத்து இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு காலையில் பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அணியைப் பயிற்றுவிக்கிற ஜோசுவா சேர் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏன் சரி என்று வந்தது?

ஏப்ரல் 17. வியாழன்

அப்பா பஸ் ஓட்டுகிறவர். அவருடைய பாதை எங்கள் திடலுக்குப் பக்கத்து ரோட்டால் போகிறது. மூன்று ஐம்பதுக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை. பஸ் தெரிந்தவுடன் நான் குனிந்து சப்பாத்து லேஸ் கட்டுவேன்.

அணியில் என்னோடு இருக்கிற சிநேகிதி சாம்பவி சொல்கிறாள்: "உன்ர லேஸ் மாதிரி உலகத்தில ஒரு லேஸும் அவிழுறேல்லையடி."

ஏப்ரல் 24. வியாழன்

முதல் மட்ச். எனக்கு ஒரே ஒரு பந்து வந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடினேன். பந்து என் மூக்குக்கண்ணாடியில் பட்டது, கன்னத்தில் பட்டது, பிறகு புல்லில் விழுந்தது. தோற்றுவிட்டோம்.

"கன்னத்தில என்னடி சிவப்பு?" என்று அம்மா கேட்டா. பள்ளிக்கூட லொக்கர் கதவு இடித்தது என்றேன். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பிடித்துவிட்டா. அவ்வளவு மெதுவாகப் பிடித்தா, பொய் சொன்ன வாய் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 29. செவ்வாய்

வென்றுவிட்டோம், 19–6. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நானும் குதித்தேன். ஏன் குதித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சேர் பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போடுவார். சாம்பவியின் வட்டத்திலிருந்து கோடு கொஞ்சம் போய் வளையும். நதீஷாவின் கோடு குறுக்கே வெட்டும். என் வட்டத்திலிருந்து மட்டும் ஒரே நேர்கோடு, பலகையின் விளிம்பு வரை. "துர்க்கா, கடைசி வரைக்கும் ஓடு. முழு வேகத்தில்."

பதினான்கு தரம் ஓடினேன். எண்ணினேன். ஒரு பந்தும் வரவில்லை. சாம்பவிக்கு ஏழு!

பந்து எறிகிறவள் ஸ்டெபனி. உடை மாற்றும் அறையில் அவளிடம் மெல்லக் கேட்டேன், அன்றைக்குத் தவறவிட்டதால்தானா என்று. அவள் சிரித்தாள். தன்னுடைய கைக்கு அவ்வளவு தூரம் எறியவே வராதாம். அன்றைக்கு வந்தது காற்றால் வந்ததாம். யாருக்கும் சொல்லாதே என்றாள்.

எறிய முடியாத இடத்துக்கு என்னை ஏன் ஓடச் சொல்கிறார்கள்? எனக்கு விளங்குகிறது. கழிக்க மனமில்லாத பிள்ளையைத் தூரத்தில் நிறுத்தி வைப்பார்களே, அதுதான் இது. இதற்காகவா அம்மாவுக்குப் பொய் சொல்கிறேன்? வியாழக்கிழமையே விலகப்போகிறேன்.

மே 1. வியாழன்

விலகப் போனேன். சேர் இன்றைக்கு லீவு. பெருமூச்சு வந்தது, அது எந்தப் பெருமூச்சு?

சனிக்கிழமை அப்பாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். சர்ப்ரைஸ். அம்மா குசினியில் வேலை பிரித்தா. அண்ணாவுக்குப் பலூனும் கதிரைகளும். மங்கை அன்ரிக்கு ரோல்ஸும் கட்லட்டும். சாம்பவிக்குக் கேக்கை எடுத்து வருவது.

"எனக்கு?"

"நீ அப்பாவைத் தூரக் கொண்டு போ. நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

வீட்டிலும் எனக்கு அதே வேலைதான்.

மே 3. சனி. நள்ளிரவு தாண்டி 1.15

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கை ஓயமாட்டேன் என்கிறது.

அம்மா சொல்லித்தந்த சாட்டு வாழைப்பொத்தி, கறிக்குப் போடுகிற வாழைப்பூ. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு கடையில் நல்ல பொத்தி வந்திருக்கிறதாம், துர்க்காவையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வாங்கி வரட்டாம்.

"எங்கட அஜின்கோர்ட்டில இல்லாத பொத்தியோ?" என்றார் அப்பா.

"அது கசக்குதப்பா. போட்டு வாங்கோவன்."

போனோம். பொத்தி வாங்க ஏழு நிமிடம்தான் எடுத்தது! மணி நாலு ஐம்பது. ஏரியைப் பார்ப்போம் என்றேன். பார்த்தோம். ஐஸ்கிரீம் என்றேன். தின்றோம். ஐந்து இருபது. "சரி, வீட்ட போவம்" என்று அப்பா காரைத் திறந்தார். எனக்குத் தெரிந்த சாட்டு எல்லாம் முடிந்துவிட்டது. அவர் திறப்பைத் திருகினார். என் வாய் தானாகத் திறந்தது.

"அப்பா, நான் ஹோம்வேர்க் கிளப்புக்குப் போறேல்லை. ஃபுட்போல் விளையாடுறன்."

அப்பா இஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கூட்டில் பத்து நிமிடம் போனது. அவரை மறித்து வைக்க இதைவிட நல்ல வழி இருக்கவில்லை, ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய்யையும் சொன்னேன், லொக்கர் கதவையும் சொன்னேன், லேஸையும் சொன்னேன். எல்லாம்.

"பொய் சொன்னனி," என்றார் கடைசியில். "அது வேற பிரச்சினை. அம்மாவுக்கு நீயே உன்ர வாயால சொல்லவேணும்."

"ஓம் அப்பா."

"அண்ணான்ர கால் எப்பிடி இருந்தது எண்டு கண்டனிதானே."

"ஓம். ஆனா இதில ஆரும் இடிக்கிறேல்லை அப்பா. கொடியைத்தான் பிடுங்குறது."

அப்பா சீற்பெல்ட்டைக் கழற்றினார். பிறகு, "பந்து எப்பிடி இருக்கும்?"

பின்சீற்றில் கிடந்த பையைப் பார்த்தேன். வாழைப்பொத்தி ஒன்றை எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் கூர். கிட்டத்தட்ட அதே அளவு.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்பிடி ஒண்டையோ எறியினம்?"

ஏரிக்கரைப் புல்லில் நின்று அப்பா பொத்தி எறிந்தார். ஐயோ, அவருடைய எறிதல்! நான் ஓடுகிற தூரத்துக்குப் பாதிகூட வரவில்லை. ஒவ்வொருமுறையும் நான் பாய்ந்து திரும்பி, அவரை நோக்கி ஓடிவந்து விழப்போகிறதைப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் நாலைந்து தவறிப்போயின. பிறகு ஒன்று கையில் நின்றது. பொத்திக்கு நான் கண்ணை மூடவில்லை! பொத்திக்கு யார் பயப்படுவார்கள்? பிடிக்கப் பிடிக்க மடல் மடலாகக் கழன்றது. நாயைக் கூட்டிவந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று கைதட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு பத்து. திரையை மூடிய இருட்டில் நாற்பது பேர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒளித்திருந்திருக்கிறார்கள். "சர்ப்ரைஸ்!" என்று கத்தினபோது பாதிப் பேரின் வாயில் ரோல்ஸ். அப்பாவின் காற்சட்டையில் சேறு, கையில் உரித்த பொத்தி.

"ரெண்டு மணித்தியாலம் எண்டு சொன்னா உவள் மனுசனை நயாகராவுக்குக் கொண்டுபோட்டாள்," என்றா மங்கை அன்ரி. "பசியில பலூனைக் கடிக்கப் பாத்தனாங்கள்."

பிறகு குசினியில் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அம்மா கட்லட் தட்டை வைத்துவிட்டு என் கன்னத்தைத் தடவிப் பார்த்தா. "லொக்கர் கதவோ," என்றா. அவ்வளவுதான். அது அடியைவிட வலித்தது. ஒரு கிழமைக்கு போன் இல்லை. சரி. நியாயம்தான்.

அழுதுகொண்டே, "நான் இண்டைக்கு ஒரு பலூன்கூடக் கட்டேல்லை, எல்லா வேலையும் நீங்கள்தான் செய்தனீங்கள்," என்றேன்.

"விசரே, நீ அவரைக் கொண்டு போயிருக்காட்டி நாங்கள் எப்பிடியடி கட்டியிருப்பம்?"

கேக் தட்டோடு நின்ற சாம்பவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பதினான்கு ஓட்டம். ஏழு பந்து.

மே 6. செவ்வாய்

இன்றைய மட்சில் முதல்முறையாக ஓடும்போது என்னைச் சுற்றிப் பார்த்தேன். என்னோடு எத்தனை பேர் ஓடுகிறார்கள்? இரண்டு! எதிரணியின் கடைசிக் காவலில் நிற்கிறவளும் வந்தாள், பக்கத்துக் காவல்காரியும் வந்தாள். எங்களுக்குப் பின்னால், அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில், சாம்பவி தனியாக நின்று, கடை வாசலில் நிற்பதுபோல் ஆறுதலாகப் பந்தைப் பிடித்தாள்.

சேரிடம் கேட்டேன், என்னை ஏன் நேரே ஓட விடுகிறீர்கள் என்று. அவர் ஆச்சரியப்பட்டார். "உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன். நீ ஓடினால் திடல் பெரிதாகிறது." ஒரு மாதமாக யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை!

நான் கழித்துவிடப்பட்டவள் இல்லை. நான் கதவைத் திறக்கிறவள்.

மே 13. செவ்வாய்

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "இருபத்திரண்டாம் திகதி ஷிப்ட் மாத்தியிருக்கிறன். வந்து பாத்திட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் கண்ணாடிக்குப் பட்டி போட்டு விளையாடு." பட்டியை அவரே வாங்கி வந்தார். ஊதா நிறம். கண்றாவியாக இருக்கிறது. கழற்றவே மாட்டேன்.

மே 21. புதன்

நாளைக்கு அரையிறுதி. தோற்றால் சீசன் முடிந்தது. அப்பா பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் எனக்கு எல்லாமே முடிந்தது.

மே 22. வியாழன். இரவு 10.50

அப்பா பஸ் ஜாக்கெட்டோடு வந்து திடலோரப் படிக்கட்டின் முதல் படியில் இருந்தார். பக்கத்தில் அம்மா. அம்மாவின் மடியில் ஒரு ஆஸ்பத்திரிக்கே போதுமான அளவு பெரிய முதலுதவிப் பெட்டி.

இன்றைய எதிரணி, சாம்பல் சட்டைக்காரிகள், எங்கள் போன மட்சைப் பார்த்திருக்கிறார்கள். நான் மூன்றாவது தரம் ஓடியபோதே அவர்களுடைய நெட்டைக்காரி கத்தினாள், இவளை விடுங்கள், இவளுக்குப் பந்து வராது என்று. கடைசிக் காவலைக் காலி செய்துவிட்டு எல்லோரும் முன்னுக்கு வந்து சாம்பவியைச் சூழ்ந்தார்கள். நான் தனியாக ஓடினேன். என்னோடு ஒருத்தியும் வரவில்லை. திடலின் மறுமுனையில் தன்னந்தனியாக நின்று திரும்பிப் பார்த்தால், அங்கே சாம்பவியின் கொடியைப் பிடுங்குகிறார்கள். இடைவேளையில் 6–12.

எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். நான் போத்தலைத் திறக்கவே இல்லை. பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"எனக்கு எறி," என்றேன் ஸ்டெபனியிடம்.

"அவ்வளவு தூரம் வராதே."

"வராது. முடிந்த உயரம் எறி. மிச்சத் தூரத்துக்கு நான் திரும்பி வருகிறேன். எங்கள் அப்பா உன்னைவிட மோசமாக எறிவார்."

சேர் பலகையை எடுத்தார். என் நேர்கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி போட்டார்.

ஓடினேன். யாரும் வரவில்லை. நின்றேன், திரும்பினேன். பந்து வானத்தில். கட்டையாகத்தான் வந்தது, வாழைப்பொத்தி மாதிரியே. அதை நோக்கி ஓடினேன், ஐந்து அடி, ஆறு அடி. கண்ணை மூடவில்லை. மூடவில்லை! விரல் நுனியில் பட்டது, நெஞ்சோடு அணைத்தேன். திரும்பினால் எனக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை.

12–12.

அடுத்தமுறை நான் ஓடத் தொடங்கினவுடனே நெட்டைக்காரி அலறினாள். இரண்டு பேர் என்னோடு வந்தார்கள். அதற்கடுத்தமுறை மூன்று பேர். சாம்பவி ஒன்று பிடித்தாள், நதீஷா ஒன்று, சாம்பவி இன்னொன்று. மட்சின் கடைசி ஓட்டத்தில் நான் இருக்கிற வேகம் எல்லாவற்றையும் கொடுத்து ஓடினேன். மூன்று பேரின் மூச்சும் என் காதுக்குள். முதுகுக்குப் பின்னால், தூரத்தில், எங்கள் ஆட்களின் சத்தம் வெடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

18–12.

காரில் அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபோது, "கடைசிப் பந்து உனக்கு வரேல்லை," என்றார்.

"ஓம் அப்பா."

"உன்னை மறிக்க மூண்டு பேர் போனவை. நான் எண்ணினனான்." விளக்கு பச்சையானது. "செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்குப் பயிற்சி?"

"மூண்டரைக்கு."

"ம். மூண்டு அம்பதுக்கு நான் அந்தப் பக்கம் வருவன்."

மே 27. செவ்வாய். மாலை 6.30

குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அம்மா கடைக்கு லிஸ்ட் போடுகிறா. "பொத்தி மூண்டு," என்கிறா அண்ணாவிடம், "கறிக்கு ரெண்டு." கொப்பி திறந்துதான் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டி. சேர் என் கோட்டில் இப்போது இரண்டு கொக்கி போட்டிருக்கிறார்.

மூன்று ஐம்பதுக்கு பஸ் வந்தது. நான் குனியவில்லை. லேஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. பஸ் நிற்கவுமில்லை, ஹோர்ன் அடிக்கவுமில்லை. அப்பா வேலையில் அப்படியெல்லாம் செய்யமாட்டார்.

ஒரு மேகமும் இல்லாத வெயில். முன்கண்ணாடி வைப்பர் மட்டும் ஒருமுறை இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் வந்தது.