உன் மெரூன், என் ப்ரைமர்

என்னைக் கேட்காமல் முந்திக்கொண்ட மச்சான் ஏழுமலைக்கு,

எப்படி இருக்கேன்னு கேட்க மாட்டேன். நான் நல்லா இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆச்சு. விழுப்புரத்தில் நம்ம கார் பெயிண்டிங் ஷெட்டு அப்படியேதான் இருக்கு. மேலே புதுத் தகரம் போட்டேன், புது கம்ப்ரஸர் வாங்கினேன். வருகிறவர்கள் அதையெல்லாம் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஏழுமலை கை மாதிரி வருமா?" என்கிறார்கள். சுவரில் என் டிப்ளமோ தொங்குது. அதை எவனும் பார்க்கவில்லை.

பத்தாவது பெயிலான உன்மேல் எனக்கிருந்த பொறாமை, நீ செத்ததும் போயிடும்னு நினைத்தேன். போகவில்லை. உயிரோடு இருந்தப்பவாவது எப்பவாவது சொதப்புவாய். இப்ப அதுவும் இல்லை.

போன வாரம் திண்டிவனம் பழனி அண்ணன் தன் வாடகைக் காரை ஓட்டிக்கினு வந்தார். நாலு வருஷம் முன்னாடி நாம மெரூன் அடிச்சுக் கொடுத்த வண்டி. பானெட்டு வெயிலில் வெந்து, கலருக்கு மேலே நிறமில்லாமல் அடிக்கிற க்ளியர் கோட் மங்கிப் போயிருந்தது. கலர் கெடவில்லை. க்ளியரை மட்டும் தேய்த்து, புதுசா அடித்தால் போதும்.

"தம்பி, ஏழுமலை கலர்ல மட்டும் கை வச்சிடாத. அத இன்னொருத்தன் கலக்க மாட்டான்."

என்கிட்டயே சொல்றார் பாரு.

தேய்க்கிறதுக்கு ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில் ஊறப்போட்டேன். நீயாக இருந்தால் முதலில் பானெட்டின் மடிப்புக் கோட்டுக்கு டேப் ஒட்டுவாய். அந்த மேட்டில் பெயிண்ட் எப்பவும் மெலிசு, சட்டென்று தேய்ந்துவிடும். "பொண்ணுக்கு நலங்கு வைக்கிறியா, ஜல்தியா முடிடா" என்று நான் கத்துவேன். நீ சிரிச்சிக்கினே ஒட்டுவாய். அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கினு வரும்.

நான் டேப் ஒட்டவில்லை. ஒட்டினால் உன்னைக் காப்பியடித்த மாதிரி ஆயிடும்.

முக்கால் பானெட்டு அருமையாக வந்தது. எங்கேயும் பளபளப்பு மிஞ்சாமல் ஒரே சீராக வெளுத்தது. அதுவரைக்கும் தண்ணீர் பாலாட்டம்தான் ஓடியது. வலது மடிப்புக்கு வந்ததும் சிவப்பாக ஓடியது. துடைத்துப் பார்த்தேன். அரிசி அளவுக்குச் சாம்பல் நிறப் புள்ளி.

ப்ரைமர். உன் கலருக்கு அடியில் நான் அடித்த ப்ரைமர். நாலு வருஷம் உன் மெரூனைத் தாங்கிக்கினு கிடந்தது அதுதானே? ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது மச்சான், பொய் சொல்ல மாட்டேன். மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு நானே புதுசா அடிச்சிடலாமான்னு தோணுச்சு. பானெட்டு முழுக்க என் வேலை. பழனி அண்ணனுக்கு என்ன தெரியப் போவுது?

பேப்பரை வைத்துவிட்டு அவருக்கு போன் பண்ணினேன். சாயங்காலமே பஸ் ஏறி வந்துட்டார். குனிந்து பார்த்தார்.

"அவன் இருந்தா இது ஆயிருக்குமா?"

"ஆயிருக்காதுண்ணே."

நிமிர்ந்தார். "டிப்ளமோ வாயில இதெல்லாம் கூட வருதே. சரி, அந்த எடத்துக்கு மட்டும் கலர் கலக்கு. வித்தியாசம் தெரிஞ்சா போர்டுல உன் பேரை அழிச்சிட்டு அவன் பேரை எழுதிடுவேன்."

பெயிண்ட் கம்பெனி அட்டையில் போட்டிருக்கிற கலவை அளவில் உன் மெரூன் வரவில்லை. மூணு தடவை கலக்கினேன், வெயிலில் வைத்தால் மூணும் வெளிறித் தெரிந்தது. நாலாவதில் ஒரு சொட்டு கறுப்பு விட்டேன், அப்பதான் உட்கார்ந்தது. அந்த ஒரு சொட்டை நீ எதைப் பார்த்துடா கண்டுபிடிச்ச? ஏன் எனக்குச் சொல்லல? நான் கேட்கவே இல்லையோ?

இன்று காலை புள்ளிக்கு மெரூன் ஊதி, பானெட்டு முழுக்கக் க்ளியர் அடித்து முடித்தேன். நாளைக்கு பழனி அண்ணன் வருகிறார், புள்ளி இருந்த இடத்தைத் தேடுவார். அவரைப் பற்றிப் பயம் இல்லை. நீ வந்து குனிந்தால் உடனே விரலை வைத்துவிடுவாய். அதுதான் எரியுது.

இனிமே மடிப்புக்கு டேப் ஒட்டாமல் பேப்பரைத் தொட மாட்டேன். கலர் யாருதுன்னு கேட்டால் உன் பேரைத்தான் சொல்வேன். ப்ரைமர் யாருதுன்னு கேட்காவிட்டாலும் சொல்வேன்.

வயித்தெரிச்சல் தீராத உன் மச்சான்,
தனசேகர்